சுண்டெலி எம்சிபி-1 புரதம் வேலை செய்யவில்லையா, எனக்குத்தான் வேலை தெரியவில்லையா?

வைகைக்கரை எழுதியது

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டு. அழற்சி வந்த இடத்துக்கு மோனோசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் எப்படிப் போய்ச் சேருகின்றன என்பதுதான் என் தலைப்பு. அவற்றை ஈர்க்கும் புரதம் எம்சிபி-1, அதாவது சிசிஎல்2. மறுசேர்க்கை முறையில் (மரபணுவை வேறு செல்லில் புகுத்தி) செய்த சுண்டெலி எம்சிபி-1 10 மைக்ரோகிராம் வாங்கினோம். பணம் அனுமதி ஆகி வர நான்கு மாதம், பார்சல் வர இன்னும் ஐந்து வாரம்.

செய்தது இவ்வளவுதான். பிளாக்-6 என்ற ஆய்வக வகைச் சுண்டெலியின் எலும்பு மஜ்ஜையை எடுத்து, எம்-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிக் காரணி கொடுத்து 7 நாள் வளர்த்து மேக்ரோஃபேஜ் (கிருமி விழுங்கும் பெரிய செல்) ஆக்கினேன். 24 வெல் (குழி) உள்ள தட்டு, 8 மைக்ரோமீட்டர் துளை உள்ள டிரான்ஸ்வெல், அதாவது அடியில் துளைச் சவ்வு உள்ள கிண்ணம். மேலே செல்கள், கீழே 600 மைக்ரோலிட்டரில் மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம் எம்சிபி-1. நான்கு மணி நேரம் கழித்து எண்ணிப் பார்த்தால், புரதம் போட்ட வெல்லிலும் போடாத வெல்லிலும் கீழே இறங்கிய செல்கள் ஏறக்குறைய சமம். மூன்று முறை செய்துவிட்டேன், மூன்று முறையும் அதே கதை.

"புரதம் செத்துப்போச்சு, கம்பெனிக்கு எழுது" என்கிறார் நெறியாளர். கம்பெனிக்காரர்களோ நான் கரைத்த விதம் சரியில்லை என்கிறார்கள். நடுவில் நான். யாராவது இந்தப் புரதத்தோடு மல்லுக்கட்டியிருந்தால் சொல்லுங்கள்.

---

பழைய_பிப்பெட் எழுதியது

அம்மா, யாரையும் குறை சொல்லுமுன் சில கேள்விகள். வையலைத் திறப்பதற்கு முன் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று சுற்றினீர்களா? உறைஉலர்த்திய புரதம் கண்ணுக்கே தெரியாது. பயணத்தில் குலுங்கி மூடியின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். மூடியைத் திருகித் தூரப் போட்டால் காசும் அதோடு போகும். எதில் கரைத்தீர்கள்? வெறும் பிபிஎஸ் உப்புக் கரைசலிலா, பிஎஸ்ஏ என்ற மாட்டுப் புரதம் சேர்த்தா? எந்த செறிவில் சேமித்தீர்கள்? எத்தனை முறை உறையவைத்து உருக்கினீர்கள்?

தங்கத்தை கிராம் கணக்கில் வாங்குகிறோம், இதை மைக்ரோகிராம் கணக்கில். அதனால் கேட்கிறேன்.

---

வைகைக்கரை எழுதியது

சுற்றினேன் சார். வெறும் பிபிஎஸ்ஸில் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற செறிவில் கரைத்தேன். சாதாரண பிளாஸ்டிக் டியூபில் மைனஸ் 20-இல் இருக்கிறது. அலிகுவாட்டாக, அதாவது சின்னப் பங்குகளாக, பிரிக்கவில்லை. மூன்று சோதனைக்கும் அதே டியூபைத்தான் எடுத்து உருக்கினேன். எழுதும்போதே தெரிகிறது, திட்டப் போகிறீர்கள்.

---

பழைய_பிப்பெட் எழுதியது

திட்டவில்லை. நான் இதைவிட மோசமாகச் செய்திருக்கிறேன். எம்சிபி-1 போன்ற கீமோகைன்கள் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டவை, நேர்மின்சுமை அதிகம். கண்ணாடியிலும் பாலிஸ்டைரீனிலும் போய் ஒட்டிக்கொள்ளும். புரதம் நீர்த்திருக்கும்போது ஒட்டும் பங்கு இன்னும் கூடும். அதனால் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அளவில் கரைத்து, 0.1 சதவீதம் பிஎஸ்ஏ சேர்த்து, புரதம் ஒட்டாத வகை டியூபில் சின்னச் சின்ன அலிகுவாட்டாகப் பிரித்து, மைனஸ் 70-க்குக் கீழே வைப்பது வழக்கம். அலிகுவாட்டை எடுத்தால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தை மறுபடி உறையவைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம்.

ஆனாலும் இது ஒன்றே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. 500 நானோகிராமில் பாதி ஒட்டிப்போனாலும் 250 மிஞ்சும். அது இந்தப் புரதத்துக்குத் தாராளம்.

---

சும்மா_வந்தவன் எழுதியது

நான் ஆய்வாளன் இல்லை, பள்ளி ஆசிரியன். இழையின் தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். கீமோகைன் என்றால் என்ன? செல்கள் ஏன் நகர வேண்டும்?

---

மஜ்ஜை எழுதியது

நல்ல கேள்வி சார். கையில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறது இல்லையா? இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளையணுக்கள் சரியாக அந்த இடத்தில் இறங்கி வருகின்றன. அவற்றுக்கு வழி சொல்வதுதான் கீமோகைன். அடிபட்ட இடத்தில் சுரக்கும், அங்கிருந்து தூரம் போகப் போக அடர்த்தி குறையும். செல் அந்த அடர்த்தி ஏறும் திசையை மோப்பம் பிடித்துப் போகும். மல்லிகைப் பூ வாசம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறோமே, அப்படி. எல்லாமே சின்னப் புரதங்கள், பெரும்பாலும் 8 முதல் 10 கிலோடால்டன். மனிதருக்கு 50-க்குச் சற்றுக் குறைவான கீமோகைன்கள், அவற்றை உணரும் செல்பரப்புப் புரதங்கள், அதாவது ஏற்பிகள், 20 போல. ஒரு ஏற்பியைப் பல கீமோகைன்கள் தட்டும், ஒரு கீமோகைன் பல ஏற்பிகளைத் தட்டும்.

வைகைக்கரை வாங்கிய புரதத்துக்குச் சுவையான ஒரு முன்கதை உண்டு. 1983-இல் பாஸ்டனில் சார்லஸ் ஸ்டைல்ஸ் குழு, சுண்டெலியின் 3டி3 செல்களுக்கு பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்து, எந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று தேடியது. கிடைத்தவற்றில் இரண்டுக்கு ஜேஇ, கேசி என்று பெயர். அவை வெள்ளையணுக்களைக் கூப்பிடும் புரதங்களின் மரபணுக்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1989-இல் மனித எம்சிபி-1 புரதத்தைப் பிரித்தெடுத்த பிறகுதான் ஜேஇ அதன் சுண்டெலி உறவு என்று புரிந்தது. கேசி இன்று சிஎக்ஸ்சிஎல்1, நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களைக் கூப்பிடுவது. 2000-ஆம் ஆண்டில் எல்லாவற்றுக்கும் ஒழுங்கான பெயர் வைத்த பிறகும் விற்பவர்கள் ஜேஇ, எம்சிபி-1, சிசிஎல்2 என்று மூன்றையும் லேபிளில் எழுதுகிறார்கள். ஆளுக்கு மூன்று பெயர், நம் ஊர்ப் பெரியவர்களைப் போல.

வைகைக்கரைக்கு: புரதத்தை விடுங்கள், உங்கள் செல்களின் மேல்தான் எனக்குச் சந்தேகம். எம்சிபி-1 தட்டும் கதவு சிசிஆர்2 என்ற ஏற்பி. அது நிறைய இருப்பது மோனோசைட்டில், அதிலும் லை6சி என்ற அடையாளப் புரதம் அதிகம் உள்ள வகையில். மோனோசைட் முதிர்ந்து மேக்ரோஃபேஜ் ஆக ஆக சிசிஆர்2 குறைந்துகொண்டே போகும். வந்து சேரும் வரைக்கும்தான் வழிகாட்டி தேவை. வந்து குடியேறிய பிறகு எதற்கு? 7 நாள் வளர்த்து முழு மேக்ரோஃபேஜ் ஆக்கி, பிறகு எம்சிபி-1 காட்டினால் அது எப்படித் திரும்பிப் பார்க்கும்? செல்களைச் சாயமிட்டு ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் சிசிஆர்2 பார்த்தீர்களா?

---

வைகைக்கரை எழுதியது

பார்க்கவில்லை அக்கா. முந்தைய மாணவர் எழுதிவைத்த நெறிமுறையில் இந்தச் செல்கள்தான் இருந்தன. அவர் பயன்படுத்தியது சி5ஏ என்ற வேறொரு ஈர்க்கும் பொருள் என்று இப்போதுதான் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன்.

---

குளிர்பெட்டி எழுதியது

புரதம் சுத்திகரிக்கும் வேலையில் இருப்பவன். செல் பக்கம் மஜ்ஜை சொன்னது சரி. ஆனால் எனக்கு வேறொரு ஐயம். வைகைக்கரை, டேட்டா ஷீட்டை எடுத்து நான்கு விஷயங்களை அப்படியே இங்கே எழுதுங்கள். எதில் உற்பத்தி செய்தது, எந்த அமினோ அமிலத்திலிருந்து எது வரை, டேக் (சுத்திகரிக்க உதவும் ஒட்டு) உண்டா, உண்டென்றால் எந்த முனையில், பரிந்துரைத்த பயன்பாடு என்ன. எண்டோடாக்ஸின் (பாக்டீரியாச் சுவரின் நச்சு) வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நண்டுக்கால் வந்து சண்டை போடுவார்.

---

வைகைக்கரை எழுதியது

உற்பத்தி: ஈ. கோலை பாக்டீரியா. வரிசை: 24 முதல் 96 வரை. டேக்: என்-முனையில், அதாவது புரதம் தொடங்கும் முனையில், ஆறு ஹிஸ்டிடின். பயன்பாடு: எஸ்டிஎஸ் பேஜ், வெஸ்டர்ன் பிளாட், இம்யூனோஜென் (அதாவது புரதத்தை அடையாளம் காணவும் எதிர்ப்பொருள் உண்டாக்கவும்). தூய்மை: 95 சதவீதத்துக்கு மேல். எண்டோடாக்ஸின் என்ற வரியே இல்லை. உயிரியல் செயல்திறன் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறது.

---

குளிர்பெட்டி எழுதியது

அந்தக் கோடுதான் விடை.

கீமோகைனில் எல்லாம் தலைப்பக்கத்தில் இருக்கிறது. முதலில் வரும் சில அமினோ அமிலங்கள் சுருளாமல் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன நூல். உடல் பகுதி ஏற்பியில் பிடித்துக்கொள்ளும், இந்த நூல் ஏற்பியின் குழிக்குள் நுழைந்து அதை இயக்கும். சாவியின் பிடி எப்படி இருந்தாலும் பரவாயில்லை, பல் தேய்ந்தால் பூட்டு திறக்காது. உங்கள் புரதத்தில் சரியாக அந்தப் பல்லின் மேல் ஆறு ஹிஸ்டிடினை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆறு எதற்கு, ஒன்றே போதும். ரான்டெஸ் என்ற கீமோகைனை, இன்றைய சிசிஎல்5-ஐ, ஜெனீவாவில் கிளாக்ஸோ ஆய்வகத்தில் ஈ. கோலையில் செய்தார்கள். பாக்டீரியா எந்தப் புரதத்தையும் மெத்தியோனினில்தான் தொடங்கும். சாதாரணமாக அதை ஒரு நொதி வெட்டிவிடும். ரான்டெஸில் அது வெட்டுப்படாமல் முன்னால் நின்றுவிட்டது. ஒரே ஒரு அமினோ அமிலம் கூடுதல். விளைவு? அந்தப் புரதம் ஏற்பியில் போய் உட்காரும், ஆனால் இயக்காது. உட்கார்ந்த இடத்தில் உண்மையான ரான்டெஸையும் வரவிடாது. மெட்-ரான்டெஸ் என்று 1996-இல் வெளியிட்டார்கள். தற்செயலாகக் கிடைத்த அந்த எதிரியைப் பிறகு எத்தனையோ அழற்சி ஆய்வுகளில் பயன்படுத்தினார்கள்.

எம்சிபி-1 இதைவிட நுணுக்கம். அதன் முதல் அமினோ அமிலம் குளூட்டமின். அது தன்னைத்தானே வளைத்துக்கொண்டு பைரோகுளூட்டமேட் ஆகும், உடலில் அதற்கென்று நொதியே இருக்கிறது. அந்த வளைவு புரதத்தின் தலையைக் கத்தரிக்கும் நொதிகளிடமிருந்து காப்பாற்றுகிறது. இப்போது ஈ. கோலைக்கு வாருங்கள். மெத்தியோனினை வெட்டும் நொதி, அடுத்து நிற்பது கிளைசின், அலனின், செரின் போலச் சின்னதாக இருந்தால்தான் வெட்டும். குளூட்டமின் பெரியது, வெட்டாது. ஆக எம்சிபி-1-ஐ அப்படியே பாக்டீரியாவில் செய்தால் தலையில் ஒரு தொப்பி நின்றுவிடும். குளூட்டமினும் வளைய முடியாது. அதனால்தான் செயல்திறன் வேண்டும் என்று செய்பவர்கள் முன்னால் சுமோ போன்ற ஒரு துணைப் புரதத்தை ஒட்டிச் செய்து, பிறகு சரியான இடத்தில் சுத்தமாக வெட்டிவிடும் நொதியைப் பயன்படுத்துகிறார்கள். கூடுதல் வேலை, கூடுதல் செலவு.

தலையில் கூட்டினாலும் தப்பு, குறைத்தாலும் தப்பு. மனித எம்சிபி-1-இல் முதல் எட்டை எடுத்துவிட்டு 9 முதல் 76 வரை மட்டும் வைத்தால் அதுவும் எதிரியாகிவிடும். வான்கூவரில் 1995-இல் கண்டது. மூட்டழற்சி வரும் எம்ஆர்எல்-எல்பிஆர் சுண்டெலிகளில் 1997-இல் அதையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்து நோய் தணிந்ததையும் காட்டினார்கள்.

ஆகவே, புரதம் சாகவில்லை. அது பிறந்ததே வெஸ்டர்ன் பிளாட்டுக்காக. கம்பெனி ஏமாற்றவும் இல்லை, சின்ன எழுத்தில் எழுதித்தான் கொடுத்திருக்கிறார்கள். விலைப்பட்டியலில் மலிவாக இருந்ததை யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

---

வைகைக்கரை எழுதியது

அந்த யாரோ நான்தான். மூன்று கொட்டேஷனில் குறைந்த விலை என்பதுதான் எங்கள் விதி. டெண்டர் படிவத்தில் "என்-முனை" என்று எழுத எங்கே இடம்?

---

பழைய_பிப்பெட் எழுதியது

"தொழில்நுட்பத் தேவை" என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் எழுதலாம். "டேக் இல்லாதது, கீமோடாக்ஸிஸில் (செல் ஈர்ப்பில்) செயல்திறன் சோதித்தது, எண்டோடாக்ஸின் மைக்ரோகிராமுக்கு 0.1 எண்டோடாக்ஸின் அலகுக்கு (இயு) கீழ்." இந்த ஒரு வரியை எழுதினால் மலிவானது தானாகக் கழன்றுவிடும். நிதிப் பிரிவும் கேள்வி கேட்காது.

இன்னொன்று. உறைஉலர்த்திய புரதம் சில நாள் அறை வெப்பத்தைத் தாங்கும் என்று டேட்டா ஷீட் சொன்னால், உலர்பனிக் கட்டணத்தை வீணாகக் கட்டாதீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடும்.

---

நண்டுக்கால் எழுதியது

என்னைக் கூப்பிட்டதுபோல் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து.

எல்லோரும் புரதத்தின் தலையையே பேசுகிறீர்கள். எண்டோடாக்ஸின் வரியே இல்லாத ஈ. கோலை புரதத்தை மேக்ரோஃபேஜின் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், அது பெரிதாகப் படவில்லையா? ஈ. கோலையின் வெளிச்சுவரே எல்பிஎஸ்தான், எண்டோடாக்ஸின் என்பதும் அதுவே. மேக்ரோஃபேஜ் அதை மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராமுக்கும் குறைவான அளவிலேயே உணர்ந்து டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கத் தொடங்கும். எஸ்டிஎஸ் பேஜில் 95 சதவீதம் தூய்மை என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எல்பிஎஸ் புரதமல்ல, புரதங்களைக் காட்டும் கூமாசி சாயத்தில் தெரியாது.

உங்கள் சோதனையோடு நேரடித் தொடர்பும் உண்டு. எல்பிஎஸ் பட்டால் மோனோசைட்டுகள் சிசிஆர்2-ஐ வேகமாகக் குறைத்துக்கொள்ளும். 1997-இல் மிலான் குழு மனித மோனோசைட்டில் காட்டியது. அப்படியானால் எல்பிஎஸ் கலந்த எம்சிபி-1 ஒரு கையால் கூப்பிடுகிறது, இன்னொரு கையால் செல்லின் காதைப் பொத்துகிறது.

கணக்கு போடுங்கள். 1 இயு என்பது தோராயமாக 100 பிக்கோகிராம் எல்பிஎஸ். மைக்ரோகிராமுக்கு 0.1 இயு உள்ள நல்ல புரதத்தை 100 நானோகிராம் செறிவில் வைத்தால் மில்லிலிட்டருக்கு 1 பிக்கோகிராம், கவலையில்லை. அளந்தே பார்க்காத புரதத்தில் இது ஆயிரம் மடங்காகவும் இருக்கலாம்.

அளப்பதற்கு குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து வரும் எல்ஏஎல் சோதனை. 1956-இல் ஃபிரெடரிக் பேங் அந்த நண்டின் நீல இரத்தம் பாக்டீரியா பட்டால் உறைவதைக் கவனித்து எழுதியதில் தொடங்கிய கதை. நண்டின் இரத்தம் வேண்டாம் என்றால் மறுசேர்க்கை ஃபேக்டர் சி இருக்கிறது. இங்கே எங்கள் தேசியப் பல்கலைக்கழகத்தில்தான் டிங் ஜீக் லிங், ஹோ போ இருவரும் அதை உருவாக்கினார்கள். ஊர்ப் பெருமை கொஞ்சம் பேசிக்கொள்கிறேன், மன்னிக்கவும்.

---

மஜ்ஜை எழுதியது

நண்டுக்கால் சொல்வது சரிதான், ஆனால் அளவோடு. நாலு மணி நேரச் சோதனையில் புரதம் கீழே, செல் மேலே. முதல் சந்தேகம் எண்டோடாக்ஸின் மேல் வராது. செல்லை ஊறவைத்து டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன் அளக்கும் சோதனையில்தான் அது முழுக் கதையையும் பொய்யாக்கும். "இந்த கீமோகைன் மேக்ரோஃபேஜை டிஎன்எஃப் சுரக்கவைக்கிறது" என்று யாராவது சொன்னால், என் முதல் கேள்வி எண்டோடாக்ஸின் எவ்வளவு என்பதுதான்.

---

புதுசா_சேர்ந்தேன் எழுதியது

புரதத்தைக் கொதிக்கவைத்து கன்ட்ரோலாக, அதாவது ஒப்பீட்டுக்கு, போட்டால் போதாதா? புரதம் அழிந்துவிடும், எல்பிஎஸ் அழியாது. விளைவு மிஞ்சினால் அது எல்பிஎஸ். எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

---

குளிர்பெட்டி எழுதியது

மற்ற புரதங்களுக்குச் சரி. கீமோகைன் சின்னது, இரண்டு டைசல்ஃபைடு பிணைப்புகள் இழுத்துக் கட்டியிருக்கின்றன. கொதிக்கவைத்து ஆறவிட்டால் ஒரு பங்கு மறுபடி மடிந்து பழைய உருவத்துக்கு வந்துவிடும் வாய்ப்பு உண்டு. அப்போது "கொதித்த பிறகும் வேலை செய்கிறது, ஆகவே எல்பிஎஸ்" என்று தப்பாக முடிவு கட்டுவீர்கள்.

---

நண்டுக்கால் எழுதியது

ஒத்துக்கொள்கிறேன். கொதிநீரில் எல்பிஎஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது, அதை அழிக்க 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரைமணி நேரம் வேண்டும். என் வழி: ஒன்றில் எல்பிஎஸ்ஸைப் பிடிக்கும் பாலிமிக்ஸின் பி, இன்னொன்றில் புரதத்தைத் தின்னும் புரோட்டினேஸ் கே, முடிந்தால் சி3எச்/ஹெச்இஜே சுண்டெலியின் செல்கள். அந்த வகைக்கு எல்பிஎஸ்ஸை உணரும் டிஎல்ஆர்4-இல் பிறவிக் கோளாறு, எல்பிஎஸ்ஸுக்கு அசையாது. 1998-இல் புரூஸ் பாய்ட்லர் குழு அந்தக் கோளாறைக் கண்டுபிடித்தது, 2011 நோபலில் அவருக்கும் பங்கு.

---

பழைய_பிப்பெட் எழுதியது

இதற்கெல்லாம் முன்னால் சோதனையின் அமைப்பையே சரிசெய்ய வேண்டும். ஒரே ஒரு செறிவு, அதுவும் 500. கீமோடாக்ஸிஸின் வரைபடம் மணி வடிவம். ஏறும், உச்சம் தொடும், பிறகு இறங்கும். அதிகம் ஊற்றினால் ஏற்பிகள் எல்லாம் ஒரேயடியாக நிரம்பி, செல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் அதிகம் என்று அதற்குத் தெரியாது. ஒலிபெருக்கியைக் காதுக்குள் வைத்தால் சத்தம் எந்தத் திசையிலிருந்து என்று சொல்ல முடியுமா? மில்லிலிட்டருக்கு 1, 3, 10, 30, 100, 300 நானோகிராம் என்று வரிசையாகப் போடுங்கள். எம்சிபி-1-க்கு உச்சம் பெரும்பாலும் 10 முதல் 100-க்குள் வரும். செலவையும் பாருங்கள்: 500-இல் ஒரு வெல்லுக்கு 300 நானோகிராம் போகிறது, 10 மைக்ரோகிராம் 33 வெல்லில் தீர்ந்துவிடும். 10-இல் வைத்தால் வெல்லுக்கு 6 நானோகிராம்தான்.

மோனோசைட்டுக்குத் துளை 5 மைக்ரோமீட்டர். 8 என்பது பெரிய செல்களுக்கு, சின்னவை தானாகவே விழுந்துவிடும். மேலும் கீழும் ஒரே ஊடகம், இரண்டிலும் பிஎஸ்ஏ. சீரம் வேண்டாம், அதிலேயே ஈர்க்கும் பொருள்கள் இருக்கும்.

பாசிட்டிவ் கன்ட்ரோலாக, அதாவது நிச்சயம் ஈர்க்க வேண்டிய பொருளாக, சி5ஏ வையுங்கள். எஃப்எம்எல்பி என்ற பெப்டைடு வேண்டாம், சுண்டெலிச் செல்கள் அதற்கு மந்தம். கடைசியாக ஒரு வெல்லில் மேலேயும் கீழேயும் ஒரே அளவு எம்சிபி-1 போடுங்கள். அதிலும் செல் இறங்கினால் அது திசை பார்த்துப் போகவில்லை, சும்மா பரபரப்பாக ஓடுகிறது. ஸிக்மண்ட், ஹிர்ஷ் இருவரும் 1973-இல் சொல்லிக்கொடுத்த செக்கர்போர்டு முறை இது. இன்றைக்கும் கட்டுரையைப் பார்த்தால் பாதிப் பேர் செய்வதில்லை.

---

மஜ்ஜை எழுதியது

புதுப் புரதம் வாங்கும்போது இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். மனித எம்சிபி-1 76 அமினோ அமிலம். சுண்டெலியுடையது 125. பின்னால் 49 நீளத்துக்கு ஒரு வால், அதில் சர்க்கரை மூலக்கூறுகள் அடர்த்தியாகத் தொங்கும். எலிக்கும், அதாவது ராட்டுக்கும், இப்படியே. சந்தையில் கிடைப்பதில் பல வாலை வெட்டிய 73 நீளத் துண்டு. நீங்கள் வாங்கியதும் அதுதான். இதை "சுண்டெலி எம்சிபி-1" என்று சொல்வதே எனக்கு ஒப்பவில்லை. சுண்டெலியின் உடலில் சுரப்பது நீளமானதுதானே? பாலூட்டிச் செல்லில் செய்த முழுநீளப் புரதத்தை வாங்குங்கள்.

---

குளிர்பெட்டி எழுதியது

இங்கே நான் மாறுபடுகிறேன். உடலில் அந்த வால் நிலையாக இருப்பதில்லை. பிளாஸ்மின் என்ற நொதி 104-ஆவது லைசினுக்குப் பின்னால் வெட்டுகிறது. நியூயார்க்கின் ஸ்டோனி புரூக் குழு 2010-இல் சொன்னதே, வால் போன வடிவம் முழுநீளத்தைவிட வீரியமாகச் செல்களை இழுக்கிறது என்று. அப்படியானால் குட்டை வடிவம் போலி இல்லை, வேலைக்குத் தயாரான வடிவம். டிரான்ஸ்வெல்லுக்கு 73 போதும். காசும் மிச்சம்.

---

மஜ்ஜை எழுதியது

104-இல் வெட்டுவதும் 96-இல் வெட்டுவதும் ஒன்றா? மேலும் டிரான்ஸ்வெல்லோடு அவர்கள் ஆய்வு முடிந்துவிடாது, நாளைக்கு உயிருள்ள சுண்டெலிக்குப் போவார்கள். தட்டில் நன்றாக நடந்த புரதம் உடலில் படுத்துவிடுவதை 2003-இல் ப்ரவுட்ஃபுட் குழு காட்டியதே. இரத்தக்குழாயின் சுவரில் உள்ள ஹெபரான் சல்ஃபேட் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடிக்க முடியாதபடி மாற்றிய எம்சிபி-1, டிரான்ஸ்வெல்லில் செல்களை இழுத்தது. சுண்டெலியின் வயிற்றறைக்குள் செலுத்தினால் இழுக்கவில்லை. தட்டில் புரதம் கரைந்து நிற்கிறது. உடலில் அது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இரத்த ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும்.

---

குளிர்பெட்டி எழுதியது

அந்தப் பிடிமானம் உடல் பகுதியில் உள்ள காரத்தன்மை அமிலங்களில் இருப்பது, வாலில் அல்ல. அவர்கள் மாற்றியது மனித எம்சிபி-1-இல், அதற்கு வாலே கிடையாது. உங்கள் எடுத்துக்காட்டு உங்களுக்கே எதிராகப் பேசுகிறது.

---

மஜ்ஜை எழுதியது

சரி, வாலுக்கு அந்த ஆதாரம் பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் ஆய்வகத்தில் சுண்டெலிக்குள் போவதென்றால் முழுநீளம்தான் வாங்குவேன். ஊசி போட்ட பிறகு வெட்டுவதா வேண்டாமா என்பதைச் சுண்டெலியே முடிவு செய்யட்டும்.

---

எலிவளை எழுதியது

இடையில் ஒரு கேள்வி. நியூட்ரோஃபில் வேலைக்கு சுண்டெலி ஐஎல்-8 கீமோகைன் எங்கே கிடைக்கும்? தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

---

மஜ்ஜை எழுதியது

கிடைக்காது, சுண்டெலிக்கு அந்த மரபணுவே இல்லை. அதன் வேலையை கேசி, எம்ஐபி-2 போன்றவை சிஎக்ஸ்சிஆர்2 வழியாகப் பார்த்துக்கொள்கின்றன. சுண்டெலி கேசி வாங்குங்கள். துளை 3 மைக்ரோமீட்டர், நேரம் ஒரு மணி போதும். மேற்கொண்டு தனி இழை தொடங்குங்கள், இங்கே கூட்டம் அதிகம்.

---

வைகைக்கரை எழுதியது

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பழைய_பிப்பெட் சார் சொன்ன வரியை அப்படியே எழுதினேன். புதுப் புரதம் டேக் இல்லாதது, தலை சுத்தமானது, 73 நீளம். முழுநீளத்துக்குப் பணம் பத்தவில்லை, மஜ்ஜை அக்கா மன்னிக்கவும். பிஎஸ்ஏ கலக்காததைக் கேட்டு வாங்கினேன், எலைசா தட்டில் பூசவும் உதவும் என்று. கரைக்கும்போது நானே சேர்த்துக்கொண்டேன்.

முதலில் புதுப் புரதத்தைப் பழைய 7 நாள் மேக்ரோஃபேஜில் போட்டேன். மறுபடி ஒன்றுமில்லை! சி5ஏ-வுக்கு மட்டும் அழகாக இறங்கின. அன்று மாலை ஃப்ளோவில் பார்த்தால் சிசிஆர்2 ஐசோடைப் கன்ட்ரோலோடு, அதாவது வெறும் பின்னணி அளவோடு, ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. பிறகு எலும்பு மஜ்ஜையிலிருந்து அப்போதே எடுத்த செல்கள், 5 மைக்ரோமீட்டர் துளை, இரண்டு மணி நேரம். கீழே இறங்கியவற்றை லை6சி சாயமிட்டு எண்ணினேன். 3-இல் லேசாக, 10-இல் நன்றாக, 30-இல் உச்சம், 100-இல் இறக்கம், 300-இல் ஏறக்குறைய கன்ட்ரோல் அளவு. மேலேயும் கீழேயும் 30 போட்ட வெல்லில் ஒன்றும் இல்லை. மணியை வரைந்து மேசையில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

ஆக, புரதமும் தப்பு, செல்லும் தப்பு, செறிவும் தப்பு. ஒன்றை மட்டும் திருத்தியிருந்தால் இன்னும் அங்கேயேதான் நின்றிருப்பேன். நெறியாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு "நான்தான் சொன்னேனே, புரதம் செத்துப்போச்சுன்னு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

---

பழைய_பிப்பெட் எழுதியது

சொல்லாதீர்கள். கையெழுத்து இன்னும் வாங்க வேண்டியிருக்கிறது.

---

குளிர்பெட்டி எழுதியது

பழைய டேக் புரதம் மிச்சம் இருக்கிறதா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதியதை 30-இல் கீழே வைத்து, செல்களைப் பழையதோடு கொஞ்ச நேரம் ஊறவைத்துவிட்டு ஓடவிடுங்கள். இறங்காமல் நின்றால் உங்கள் கையில் இருப்பது வெறும் மலட்டுப் புரதம் இல்லை, மெட்-ரான்டெஸ் மாதிரி ஒரு எதிரி.

---

வைகைக்கரை எழுதியது

4 மைக்ரோகிராம் போல இருக்கிறது அண்ணா. அடுத்த வாரம் எலும்பு மஜ்ஜை எடுக்கும் நாளில் சேர்த்தே செய்கிறேன்.

---

நண்டுக்கால் எழுதியது

அதில் இன்னும் எண்டோடாக்ஸின் அளக்கவில்லை. ஊறவைத்த செல்கள் இறங்காமல் நின்றால், காரணம் டேக்கா எல்பிஎஸ்ஸா என்று எப்படிச் சொல்வீர்கள்?

---

வைகைக்கரை எழுதியது

தெரியும், வருவீர்கள் என்று. எல்ஏஎல் கிட் பக்கத்துத் துறையில் கேட்டிருக்கிறேன், திங்கட்கிழமை தருகிறார்களாம்.